மண் யாருடையது?

தங்கைக்கு மனை பார்க்க ஆவடிப் பக்கம் போயிருந்தோம். "பத்திரம் இருக்கு, ஈ.பி. கனெக்‌ஷன் இருக்கு, வீட்டு வரி ரசீதும் இருக்கு. வேறென்ன சார் வேணும்?" என்றார் தரகர்.

சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். 'ஏரிப் புறம்போக்கு' என்றிருந்தது. திரும்பிவிட்டோம்.

நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்ற வகைப்பாடு வெறும் பெயரல்ல. நத்தம் ஊர்க் குடியிருப்பு. அங்கே வீடு கட்டி வாழ்பவருக்கு உரிமை உண்டு. ஏரி அப்படியல்ல, ஊருக்கே பொது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் விற்க முடியாது. பத்திரம் பதிவானாலும் அந்தக் குறை தீராது. வரி ரசீதும் மின் இணைப்பும் அனுபவத்தைக் காட்டும், உரிமையைத் தராது.

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு என நம் பக்கம் எங்கும் ஏரிகள். ஆயுள் சேமிப்பை அங்கே புதைத்துவிட்டு இடிப்பு நோட்டீசோடு நிற்கும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 'அ' பதிவேடு, பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் நான்கையும் பாருங்கள். வீடு தேடும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.