ஒரு மாதம் தீவில் தங்க



"சார், கையைக் கடிக்காமல் ஒரு மாதம் ஏதாவது தீவில் தங்கணும், எங்கே போகலாம்?" என்று சிலர் கேட்கிறீர்கள். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டார் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே!

நான் சொல்வது நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் படகு. பேச்சு நம் தமிழ்தான். பவளக்கல் வேலிகள், கோட்டை, தன்போக்கில் மேயும் குதிரைகள். ஒரு குடும்பத்தோடு தங்கிச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் செலவு குறையும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சுண்ணாம்புக்கல் தீவில் மழைநீர், உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். அதிகம் இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். நாம் ஊர் திரும்பிவிடுவோம். அவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கணும். வாடகை பேசும்போதே தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். வாளியில் மொண்டு குளியுங்கள்.