எங்களைப் பற்றிய படங்களும் எங்களிடம் வரும் படங்களும்

சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என்னுடன் வேலை செய்யும் சகோதரி ஒருவர், "வாழ்வாதாரம், நுண்கடன், காணாமல் போன பிள்ளைகள் எண்டு எழுத எவ்வளவோ கிடக்கு. உமக்கு இப்ப படமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் நான் போய்வரும் கிராமங்களில் பல பெண்கள் நாள் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் இரண்டு மணித்தியாலமாவது தொலைக்காட்சியின் முன்னால் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு எது காட்டப்படுகிறது, எது காட்டப்படுவதில்லை, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதும் எமது வாழ்வோடு சேர்ந்த விடயமே.

கலைப்படம், வணிகப்படம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது எமது வழக்கம். கலைப்படம் மெதுவாக நகரும், பாட்டு இராது, கடைசியில் ஒருவர் சாவார். வணிகப்படத்தில் சண்டை, பாட்டு, பகிடி எல்லாம் இருக்கும், கடைசியில் கெட்டவன் மட்டும் சாவான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நானும் இப்படித்தான் விளங்கி வைத்திருந்தேன். பின்னர் கிராமங்களில் மாதர் சங்கங்களோடு வேலை செய்யத் தொடங்கியபோது வேறொரு வித்தியாசம் கண்ணில் பட்டது. ஒரு வகைப் படம் ஆட்களைத் தேடி வீட்டு வாசலுக்கே வருகிறது. மற்ற வகைப் படத்தை ஆட்கள்தான் தேடிப் போகவேண்டும். தேடிப் போவதற்குப் பணமும் நேரமும் வேண்டும், அப்படியொரு படம் இருக்கிறதென்ற தகவலும் வேண்டும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1948ஆம் ஆண்டு ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் 'சந்திரலேகா' படத்தை வெளியிட்டார். பெரிய பெரிய முரசுகளின் மேல் பெண்கள் நடனமாடும் காட்சி அதிலேதான் வருகிறது. அக்காலத்தில் அதற்குச் செலவான தொகை ஏறத்தாழ முப்பது இலட்சம் ரூபா என்பார்கள். போட்ட பணத்தைத் தமிழ்ப் பிரதியால் மட்டும் மீட்க முடியாது என்று கண்ட வாசன், ஹிந்தியிலும் அதனை எடுத்து, இந்தியா முழுவதும் பெரும் விளம்பரம் செய்து ஓட்டினார். சென்னையில் எடுத்த ஒரு படம் நாடு முழுவதும் அப்படிப் போனது அதுவே முதற் தடவை.

ஏழு வருடம் கழித்து, 1955இல், கல்கத்தாவில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை வெளியிட்டார். அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். படத்துக்கு முதல் போட எவரும் முன்வராதபோது மனைவியின் நகைகளை அடகு வைத்தார். இடையில் படப்பிடிப்பு நின்று போய், பின்னர் மேற்கு வங்க அரசாங்கம் பணம் கொடுத்துத்தான் படம் முடிந்தது. பெயரிலே பாதை என்ற சொல் இருந்தபடியால் அந்தப் பணம் வீதி அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டதாம்! விளம்பரத் தொழில் தெரிந்தவராதலால், அக்காவும் தம்பியும் ஓடுவதுபோல ஒரு மின்விளக்கு விளம்பரத்தைத் தானே வரைந்து நகரத்தின் சன நெரிசலான இடத்தில் வைப்பித்தார். அப்படியிருந்தும் முதல் நாட்களில் கூட்டம் வரவில்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லச் சொல்ல, ஓரிரு வாரங்களில் தியேட்டர் நிறையத் தொடங்கியது. ஆனால் அடுத்த படத்துக்கு அந்தத் தியேட்டர் முன்னரே கொடுக்கப்பட்டிருந்ததனால் 'பதேர் பாஞ்சாலி' இடம் விட்டுப் போகவேண்டியதாயிற்று. அடுத்த படம் எது தெரியுமா? எங்கள் வாசனின் ஹிந்திப் படமான 'இன்சானியத்'. பின்னர் ராயின் படத்தைப் பார்த்த வாசன் அவருடைய வீட்டுக்கே போய், முன்னமே தெரிந்திருந்தால் தன் படத்தைப் பிற்போட்டிருப்பேன் என்று சொன்னாராம்.

இக்கதையை ஒரு சங்கக் கூட்டத்தில் சொன்னேன். வாசனின் பெருந்தன்மையைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தால், முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "அந்த மனிசியின்ர நகை மீண்டதோ மிஸ்?" என்று கேட்டார். அடகுக்கடைப் படி ஏறி இறங்கியவர்களுக்கு முதலில் எழும் கேள்வி அதுதானே!

பெரிய படங்கள் இன்று வியாபாரமாகும் முறை 1975இல் அமெரிக்காவில் 'ஜோஸ்' என்ற சுறாமீன் படத்தோடு வேரூன்றியது. அதுவரை பெரும்பாலான படங்கள் சில நகரங்களில் தொடங்கி மெல்ல மெல்லப் பரவும். 'ஜோஸ்' படத்தையோ நானூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் போட்டார்கள். அதற்கு முந்திய இரவுகளில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப விளம்பரம் செய்தார்கள். படம் நல்லதா கூடாதா என்று ஊர் பேசித் தீர்க்கும் முன்னரே பணம் வந்துவிடும். தமிழ்ப் படங்களும் இப்போது இதே வழியில்தான் வருகின்றன. 2016இல் 'கபாலி'க்காக ஒரு விமானத்திலேயே ரஜினிகாந்தின் படத்தை வரைந்து பறக்கவிட்டார்கள். முதல் மூன்று நாள் கூட்டத்தை வைத்தே ஒரு படத்தின் தலைவிதி எழுதப்படுகிறது. வாய்மொழியால் மெல்ல வளரவேண்டிய படத்துக்கு அந்த ஓரிரு வாரத்தை இன்று எந்தத் தியேட்டர் கொடுக்கும்?

இதனை விளங்கப்படுத்த நான் அதிகம் கஷ்டப்படவில்லை. சுயதொழிலாக மிளகாய்த்தூள் இடித்து விற்கும் ஒரு பெண், "இது எங்கட தூளின்ர கதைதான்" என்றார். அவருடைய தூள் தரமானது, வாங்கியவர்கள் திரும்பவும் தேடி வருவார்கள். ஆனால் சந்திக் கடையில் கண்மட்டத் தட்டு முழுவதும் கம்பனித் தூள்தான் இருக்கிறது. கம்பனி கடைக்காரருக்குக் கடனுக்குப் பொருள் கொடுக்கிறது, பெயர்ப்பலகை எழுதிக் கொடுக்கிறது, தொலைக்காட்சியில் நடிகையைக் கொண்டு சொல்ல வைக்கிறது. சந்தைப்படுத்தல் பற்றிப் பயிற்சிப் பட்டறைகளில் நாங்கள் இவர்களுக்கு மணிக்கணக்காகப் படிப்பிக்கிறோம். அவர்களோ அதனை ஏற்கெனவே அனுபவித்து வைத்திருக்கிறார்கள்.

'பாகுபலி' முதற்பாகம் 2015 ஜூலையில் வந்தது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற கேள்வியோடு படத்தை நிறுத்தி, இரண்டாம் பாகம் வரும்வரை மக்களை அக்கேள்வியோடே வைத்திருந்தார்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் இருக்க முடியாது. எங்கள் தையல் நிலையத்தில்கூட அதுவே பேச்சு. 2017 ஏப்ரலில் விடை கிடைத்தது. அதே வருடம் பெப்ரவரியில்தான் கிளிநொச்சியில் தாய்மார், எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. இதற்காகப் 'பாகுபலி'யைக் குறை சொல்ல நான் வரவில்லை. எந்தக் கேள்வியை உலகம் முழுவதும் கேட்கச் செய்ய முடிகிறது என்பதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

எங்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1977இலேயே தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். காவலூர் இராஜதுரை திரைக்கதை எழுதினார். சீதனத்தால் வீட்டில் தேங்கிப்போகும் பெண்களையும் சாதியையும் பற்றிய படம் அது. எமது சனங்கள் அதனை ஓடவிடவில்லை. இந்தியப் படங்களின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது பொறுக்கவில்லை என்பார்கள். எனக்கென்னவோ, தன் வீட்டுச் சீதனக் கதையைக் காசு கொடுத்துப் பார்க்க எவருக்கு மனம் வரும் என்றும் தோன்றுகிறது. 2012இல் அசோக ஹந்தகம 'இனி அவன்' எடுத்தார். போருக்குப்பின் ஊர் திரும்பும் முன்னாள் போராளி ஒருவனின் கதை. அது பிரான்சின் கான் நகரத் திரைப்பட விழாக் காலத்தில் அங்கே காட்டப்பட்டது. 2015இல் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் 'தீபன்' அதே கானில் முதற்பரிசான தங்கப்பனை விருதைப் பெற்றது. அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் கதாநாயகன். முகாமில் ஒரு பெண், வெளிநாடு போவதற்காகத் தாயில்லாப் பிள்ளையொன்றைத் தேடித் திரிவதோடு அக்கதை தொடங்குகிறது. கடைசிப் பகுதியில் அதுவும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வணிகப்படமாகி விடுகிறது என்பது என் குறை.

கலைப்படங்களுக்குத் திரைப்பட விழாதான் சந்தை. அங்கே கிடைக்கும் விருதே சுவரொட்டி. விருது கிடைத்தால் பாரிசிலும் இலண்டனிலும் உள்ள தியேட்டர்கள் வாங்குகின்றன. பனைமரம் நிற்கும் எங்கள் ஊருக்குத் தங்கப்பனை வருவதற்கு வழியில்லை. நான் வேலை செய்யும் கிராமங்களில் இந்தப் படங்களைப் பார்த்த ஒரு பெண்ணையும் நான் சந்தித்ததில்லை.

ஆகவேதான் கடந்த வருடம் பொதுநோக்கு மண்டபத்தில் இரண்டு பின்னேரங்கள் படம் போட்டோம். புரொஜெக்டரை இரவல் வாங்கினோம், திரைக்கு வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டினோம். முதற் படத்தைப் பெண்களே தெரிவு செய்தார்கள். 2006இல் வந்த வடிவேலுவின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே, "எத்தின வருசத்துக்குப் பிறகு சிரிக்கிறன்" என்றார். வணிகப்படம் மக்களை மயக்குகிறது என்று பரீட்சைத் தாளில் நான் எழுதியதுண்டு. அந்தப் பின்னேரம் அந்த மண்டபத்தில் ஒருவரும் மயங்கியிருக்கவில்லை.

இரண்டாவது படம் என் தெரிவு. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'. பார்வையற்ற ஒரு முதியவர், ஜோ அபேவிக்ரம நடித்தது. இராணுவத்துக்குப் போன மகன் இறந்துவிட்டான் என்று மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. அவர் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவும் மறுக்கிறார். வீட்டிலோ கடனும் வறுமையும். அரசாங்கம் 2000ஆம் ஆண்டு இப்படத்தை வெளியிடாமல் நிறுத்தியது. இயக்குநர் வழக்குப் போட, உயர் நீதிமன்றம் 2001இல் வெளியிட வழிவிட்டது. தடையே பெரிய விளம்பரமாகிப் படம் நல்ல கூட்டத்தோடு ஓடியது. விளம்பரத்துக்குப் பணமில்லாத படத்துக்கு அரசாங்கமே அதனைச் செய்து கொடுத்தது என்று சொல்லலாம்.

பேச்சு மிகக் குறைவான படம். சிங்களம் தெரிந்த ஒரு சகோதரி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான அம்மா, "பிள்ளை, நீ பேசாம இரு. விளங்குது" என்றார். படிவத்தை நீட்டும் காட்சி வந்தபோது, மகனைத் தேடும் இன்னோர் அம்மா திரையைப் பார்த்து, "வையாதேங்கோ ஐயா" என்று வாய்விட்டுச் சொன்னார். அவருக்கும் மரணச் சான்றிதழும் நட்டஈடும் எடுக்கும்படி பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது.

படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அவரும் எங்களைப் போலத்தான் என்று பலர் சொன்னார்கள். அப்படியே பேச்சு முடியும் என்று நான் இருக்க, மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவருக்குப் பெட்டியாவது வந்தது." அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. ஒரு கலைப்படத்துக்கு இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை நான் எந்தச் சஞ்சிகையிலும் வாசித்ததில்லை.

தியேட்டருக்குப் போவது இன்னொரு கதை. கணவனை இழந்த ஒரு பெண் 'பாகுபலி' பார்க்க மகளோடு யாழ்ப்பாணம் போய் வந்தார். மறுநாள் குழாயடியில், "வெள்ளைச் சீலை கட்டவேண்டியவளுக்குப் படம் கேக்குதோ" என்று பேசினார்களாம். சொன்னவர்களும் பெண்கள்தான். பஸ் கட்டணம், ரிக்கற் காசு, இருட்டிய பின் வீடு திரும்புதல் எல்லாவற்றையும் சமாளித்தாலும் இந்தப் பேச்சைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கோ அந்தக் கவலை இல்லை. முதற்காட்சியில் விசிலடிக்கவும் நடிகரின் உருவத்துக்குப் பால் ஊற்றவும் அவர்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணைப் படம் எடுப்பவர்களும் விற்பவர்களும் தம் பார்வையாளர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அந்தக் குழாயடிப் பேச்சைச் சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். உடனே இன்னொருவர், "அப்ப எல்லாருமாப் போவம். எத்தின பேரைப் பேசுவினம் பாப்பம்" என்றார். வான் வாடகையை விசாரித்து, ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்து, மாதச் சேமிப்போடு சேர்த்துச் சிறுதொகை போடத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குழாயடியில் பேசியவர்களில் ஒருவரும் அதில் அடக்கம். எந்தப் படத்துக்குப் போவது என்பதில்தான் இன்னும் சண்டை.