விமானச் சீட்டின் அடிப்பகுதி

விமானச் சீட்டு கைக்கு வந்ததும் பலரும் பார்ப்பது புறப்படும் நேரத்தையும் மொத்தத் தொகையையுந்தான். எனக்கோ அதன் அடியில் சிறிய எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும் கட்டண விவரத்தைச் சாவதானமாக வாசிப்பதில் நெடுநாளாகவே ஒரு பிரியம் உண்டு. அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே ‘கே3’ என்ற குறியுடன் சரக்கு சேவை வரி, ‘ஐ.என்.’ என்று பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். அவற்றோடு சரிசமானமாக ‘ஒய்.க்யூ.’ என்று ஓர் இனம். இதுதான் எரிபொருள் மேல்கட்டணம். முன்னவை சர்க்காருக்கும் விமான நிலையத்துக்கும் போய்ச் சேருகின்றன. இதுவோ விமானக் கம்பெனியின் கஜானாவிலேயே தங்கிவிடுவது. வரிகளின் நடுவே நிற்பதால் பிரயாணிகள் இதையும் வரியென்றே எண்ணிவிடுகிறார்கள்.

இதைக் காணுந்தோறும் என் மனம் பட்டினப்பாலைக்குப் போய்விடும். கடலிலிருந்து கரையேறிய பண்டங்களும், கரையிலிருந்து கலமேறக் காத்திருந்த பண்டங்களும் அளவின்றிக் குவிந்து கிடந்த காவிரிப்பூம்பட்டினத்து வீதியில், சுங்கம் கொள்வோர் சலிப்பறியாமல் நின்று, மூட்டை மூட்டையாகப் புலி முத்திரை பொறித்து அனுப்பிய காட்சியை உருத்திரங்கண்ணனார் எத்தனை ஆதரவோடு வருணிக்கிறார்! வரி வசூலையும் காவியத்துக்குரிய காட்சியாகக் கண்ட அந்தக் கண்ணை நான் வியக்காத நாளில்லை. புலியைப் பார்த்த எவருக்கும், கொடுத்த பொருள் சோழனுக்குப் போயிற்று என்பது விளங்கியிருக்கும். வணிகன் தன் லாபத்தை அந்த முத்திரைக்குள் மறைத்து விற்க மார்க்கமேயில்லை.

எண்ணெய் விலை ஏறினால் கட்டணமும் ஏறுவது நியாயமே. 2023 அக்டோபரில் இண்டிகோ தூரத்துக்குத் தக்கபடி 300 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை விதித்த எரிபொருள் கட்டணத்தை, விலை இறங்கியதும் 2024 ஜனவரியில் நீக்கிவிட்டதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் தனித்து நிற்கும் இனம் தனித்தே வளரவும் இடங்கொடுக்கிறது. 2004 முதல் 2006 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் இந்த மேல்கட்டணத்தைப் பற்றி இரகசியமாகக் கலந்து பேசிவந்தன. அக்காலத்தில் நெடுந்தூரப் பிரயாணத்துக்குப் போகவர 5 பவுனாக இருந்தது 60 பவுனாயிற்று. வர்ஜின் தானே முன்வந்து விஷயத்தை வெளியிட்டு அபராதத்தினின்று தப்பியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீது 2007-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெருந்தொகை அபராதம் விழுந்தது. ஆகையால், அடிப்படைக் கட்டணத்தோடு சேர்த்தே இந்த மேல்கட்டணத்தை எழுதிவிட வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது: ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் மேல்கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேற்படலாகாது, விமானம் ஏறாமலே இருந்துவிட்டவருக்குங்கூட, சர்க்கார் வரிகளும் நிலையக் கட்டணங்களும் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும். ஒய்.க்யூ. எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதை விதியை வகுத்தவர்கள் ஐயமின்றி அறிந்திருக்கிறார்கள். பிரயாணம் தவறியதும் போனது போனதென்று வாளாவிருப்பவர் அநேகர். அவர்கள் சீட்டின் அடிப்பகுதியைக் காட்டி, மற்ற இனங்களின் தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.