கம்பிக் கூடு

சாத்தாங்காடு என்றால் இரும்பு மார்க்கெட். லாரி, துரு, கம்பி வெட்டும் சத்தம். அங்கே என்ன பறவை இருக்கப்போகிறது என்று கேட்காதீர்கள். காக்கை இருக்கிறதே! கப்பலேறி 1994ல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த ஜாதி அது. வடசென்னை அதற்கு எம்மாத்திரம்?

மார்க்கெட்டில் ஒரு லோடுமேன். மதியம் டப்பாவைத் திறந்ததும் முதல் கவளம் காக்கைக்குத்தான். மற்றவர்கள் அமாவாசைக்கு வைப்பார்கள், இவர் தினமும் வைப்பார். அப்பா போனதிலிருந்து ஆரம்பித்த பழக்கம். வைத்து வைத்து காக்கைகளை அடையாளம் தெரிந்துவிட்டது. சாம்பல் கழுத்துக்காரர்கள் கூட்டமாக முதலில் வருவார்கள். முழுக் கறுப்பான அண்டங்காக்கை கடைசியில்தான் வரும், தனியாக.

ஒரு ஏப்ரலில், சாம்பல் கழுத்து ஜோடி ஒன்று டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் கூடு கட்டியது. சுள்ளிக்கு எங்கே போகும்? கீழே கிடந்த கட்டுக்கம்பிதான். நகரத்துக் காக்கைகள் கம்பியில் கூடு கட்டுவது புதிதல்ல. ஆனால் மின்கம்பத்தில் அது ஆபத்து.

லைன்மேன் வந்தார். ஏணி பிடிக்க இவரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வாரம் விட்டுடு சார், குஞ்சு பொரிச்சுடும்."

"ஷார்ட் ஆச்சுன்னா மொத்த ரோடும் இருட்டாயிடும்பா. ஏணியைப் பிடி."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இவர் பிடித்தார். கூடு கீழே வந்தது. மூன்று முட்டைகளும் உடைந்தன.

மறுநாளிலிருந்து இவர் தலையைக் கண்டாலே கரைச்சல். இரண்டு முறை மண்டையில் கொத்து. பக்கத்தில் இருப்பவரை ஒன்றும் செய்யவில்லை! அமெரிக்காவில் ஜான் மார்ஸ்லஃப் 2006ல் இதைத்தான் சோதித்தார். குகைமனிதன் முகமூடி போட்டு ஏழு காக்கைகளைப் பிடித்து விட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் துரத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. வருடங்கள் போயும் மறக்கவில்லை.

காக்கைக்கு ஏணி தெரியாது, ஷார்ட் சர்க்யூட் தெரியாது. ஏணியடியில் நின்ற முகம் மட்டும் தெரியும்.

தினம் சோறு வைத்த முகமும் அதுதானே? அதுவும் ஞாபகம் இருக்குமா?

கவளம் இப்போது அப்படியே கிடக்கிறது. சாயங்காலம் நாய் தின்றுவிட்டுப் போகிறது. "காக்கா எடுக்கலைன்னா அப்பா கோவமா இருக்காருன்னு அர்த்தம்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை. மறுநாளும் டப்பாவைத் திறக்கிறார், முதல் கவளத்தை அதே சுவரில் வைத்துவிட்டு, காக்கைகள் தன் முகத்தைப் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார்.