ஒகேனக்கலுக்கு இரண்டு சைக்கிள்கள்

சைக்கிளில் ஊர் சுற்றப் புறப்படுகிறவர்கள் சொந்தச் சைக்கிளைக் கூடவே கொண்டு போவது நல்லதா, போன இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லதா? இந்தப் பிரச்னை எங்கள் வீட்டில் மூன்று நாள் விவாதத்தில் இருந்தது.

"கொடைக்கானல் ஏரிக்கரையிலும் புதுச்சேரியிலும் வாடகைச் சைக்கிள் கிடைக்கவில்லையா? ஹாலந்து தேசத்தில் ரயில் நிலையத்திலேயே கிடைக்கிறதாம்! தர்மபுரி ஒரு ஜில்லாவின் தலைநகர். அங்கே மட்டும் இல்லாமலா போகும்?" என்றேன் நான்.

"நடுவில் பார் வைத்த ஆண்பிள்ளைச் சைக்கிளைக் கொடுத்தால் நான் என்ன செய்வது? நீங்கள் வேண்டுமானால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். என் சைக்கிள் என்னோடு வரும்" என்றாள் என் மனைவி.

அப்படியே முடிவாயிற்று. கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் லக்கேஜ் ஆபீசுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். மணி, விளக்கு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை முன்பே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டை ஒன்றை ஹாண்டில் பாரில் கட்டினாள். பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகு சைக்கிள் பிரேக் வானில் ஏறியது. சேலத்தைத் தாண்டியதுமே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தர்மபுரியில் வண்டி நின்றதும் நான் பெட்டியை எடுப்பதற்குள், அவள் பிரேக் வானை நோக்கி ஓடிவிட்டாள்!

இனி என் கதையைக் கேளுங்கள். நோட்டில் பெயர் எழுதி, மணிக்கணக்கில் சைக்கிள் விட்ட கடைகள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த நம்பிக்கையில் மாலை முழுவதும் அலைந்தேன். கடைசியில் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, மூலையில் சாத்தியிருந்த பழைய சைக்கிளைத் தூசி தட்டிக் கொடுத்தார். "பிரேக்கு மட்டும் பார்த்துப் புடிங்க சார்" என்றார். அந்த வார்த்தையின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

விடியற்காலையில் கிளம்பினோம். நேரே பென்னாகரம் போகாமல், சற்றுச் சுற்றிப் பாப்பாரப்பட்டி வழியாகச் சென்றோம். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண் மூடிய ஊர் அது. அவரது நினைவிடத்தின் முன் சற்று நேரம் நின்றோம். தொழுநோயாளி என்று காரணம் காட்டி அன்றைய அரசாங்கம் அவரை ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தது. அந்த உடம்போடு அவர் ஊர் ஊராக நடந்தே போய்ப் பிரசாரம் செய்தார். ஸீட் உயரமாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்த நான் அங்கே வாயை மூடிக்கொண்டேன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் சுமார் 16 கிலோமீட்டர். வழியில் காடு, காட்டைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும் மலைப் பாதை. முதல் வளைவிலே பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் பிடிபடவில்லை! காலைத் தரையில் தேய்த்து, ஓரத்து மண் மேட்டில் மோதி ஒருவழியாக நின்றேன். ஒரு செருப்பு அறுந்ததோடு போயிற்று. பின்னால் வந்தவள் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, அலுங்காமல் வந்து இறங்கினாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. "மீதி தூரம் நடந்தே போகலாம்" என்றாள். தன் சைக்கிளில் ஒரு குறையும் இல்லாதிருந்தும் அவளும் கூடவே தள்ளிக்கொண்டு நடந்தாள்.

காவேரியில் பரிசல் ஏறியதும் நிலைமை தலைகீழாயிற்று. பாறைகளுக்கு நடுவே அருவி புகையாய்ப் பொங்கும் அழகை நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ, பூட்டிவிட்டு வந்த சைக்கிள் பத்திரமாக இருக்கிறதா என்று கரையையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சொந்தச் சைக்கிளுக்கு உள்ள தொல்லை இதுதான்.

மறுநாள் காலை மேடு ஏறும்போது இரண்டு பேருமே பல இடங்களில் இறங்கித் தள்ளினோம். அவள் தள்ளியது லேசான வண்டி; நான் தள்ளியது இரும்புக் கட்டில்!

சகோதரிகளே, அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஏரியைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே ஒரு மணியில் திரும்புவதானால் வாடகைச் சைக்கிள் போதும். விமானத்தில் வெளிநாடு போனாலும் அப்படித்தான். பெடலைக் கழற்றி, ஹாண்டில் பாரைத் திருப்பி, பெட்டிக்குள் அடைத்துக் கொண்டு போகிற சிரமம் இரண்டு நாள் சுற்றுலாவுக்குத் தேவையில்லை. ஆனால் தூரம் அதிகமாகி, வழியில் ஏற்ற இறக்கமும் இருந்தால் பழகிய சைக்கிளையே கொண்டு போங்கள். வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும் என்றால், பணம் கொடுக்குமுன் ஸீட்டை உங்கள் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். தெருக்கோடி வரை ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு. ஆகையால் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் என் மேஜை மீது ஒரு புது அட்டை இருந்தது. அதில் என் பெயர் அவள் கையெழுத்தில் இருந்தது. கீழே, இறங்க வேண்டிய ஊர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.