போனால் எவ்வளவு?

கரமனை,
திருவனந்தபுரம்.
24-8-2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் உன் டிரேடிங் பேச்சை எடுத்தாலே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். நாளை மறுநாள் அத்தம், ஓணம் தொடங்குகிறது. சாலைக் கடைத்தெருவில் இப்போதே கால் வைக்க இடமில்லை. அத்தான் கடை அடைத்து வர ராத்திரி பத்தரை ஆகிறது. தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைவு. ஓணத்துக்கு இன்னும் ஏறும் என்று பக்கத்துக் கடைகளில் டின் டின்னாக வாங்கி அடுக்குகிறார்கள். இவர் வழக்கத்தில் பாதிதான் எடுத்தார். கேட்டால், "இறங்கினா எவ்வளவு போகும்னு பார்த்தேன். இவ்வளவுதான் நம்மால தாங்கும்" என்கிறார். அப்பா பேசுகிற மாதிரியே இருந்தது.

14ஆம் தேதி நீ இங்கே இருந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. இலையில் வைத்த அவியல் ஆறிப்போய், மூன்றரை மணிக்குத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தாயே, அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படிக் கேட்க? அன்று வியாழக்கிழமை, நிஃப்டி ஆப்ஷன் எக்ஸ்பைரி. 2021இல் என் முகமும் அப்படித்தான் இருந்தது. ஆப்ஷனில் ஒன்றரை லட்சம் விட்டு, அத்தானுக்குத் தெரியாமல் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்தேன். மீட்கக் குறைந்த பதினைந்தாயிரத்தை நீதான் அனுப்பினாய், ஒரு வார்த்தை கேட்காமல். அந்த உரிமையில்தான் இன்று இதை எழுதுகிறேன்.

2024 ஜூன் 4ஐ நீ இன்னும் விடவில்லை. முந்தின நாள் எக்ஸிட் போல் வேகத்தில் நிஃப்டி 23,263இல் முடிந்தது, நீ புட் விற்றாய். மறுநாள் ஓட்டு எண்ண எண்ண விழுந்து, 1,379 புள்ளி குறைந்து நின்றது. மார்ஜின் போதாமல் உன் கணக்கைப் புரோக்கர் தரப்பிலேயே ஸ்கொயர் ஆஃப் செய்துவிட்டார்கள். 7ஆம் தேதி பார்த்தால் நிஃப்டி 23,290! "நான் நினைச்சது சரிதானேக்கா" என்று எத்தனை முறை கேட்டிருப்பாய். சரிதான்டா. சந்தை எங்கே போய்ச் சேரும் என்று சரியாகத்தான் நினைத்தாய். நடுவில் எவ்வளவு இறங்கினால் உன்னால் தாங்க முடியும் என்று நினைக்கவில்லை. விற்ற அன்று ராத்திரியே "இந்த விலைக்கு வந்தால் வெளியே" என்று எழுதி வைத்திருந்தால் நஷ்டத்தோடு போயிருக்கும். கடன் வந்திருக்காது.

அந்த நஷ்டத்தைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பயம். பர்சனல் லோன் எடுத்து, விட்டதைப் பிடிக்கப் போனாய். விட்டதைப் பிடிக்கிற புத்தி வந்துவிட்டால் சார்ட் கண்ணுக்குத் தெரியாது தம்பி, போன தொகைதான் தெரியும். செபி போன மாதம் கணக்கு வெளியிட்டதே, படித்தாயா? 2024-25இல் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 91 பேருக்கு நஷ்டம். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து ஐந்தாயிரம் கோடிக்கு மேல். அதற்கு முந்தின வருஷத்து அறிக்கையில்தான் என்னைத் தூங்கவிடாத செய்தி இருந்தது. தொடர்ந்து இரண்டு வருஷம் நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேலானவர்கள் மறுபடியும் அதையேதான் செய்தார்களாம். உன்னை நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் நாள்வழி ஞாபகம் இருக்கிறதா? சரக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால் ஓரத்தில் பென்சிலால் ஒரு எண் எழுதுவார். போனால் எவ்வளவு என்பதுதான் அந்த எண். நீ ரப்பர் வைத்து ஒரு பக்கம் முழுக்க அழித்துவிட்டு, பழியை என்மேல் போட்டு, எனக்கு அடி வாங்கிக் கொடுத்தாய். அந்த எண்ணை ராத்திரி சாப்பிட்டு முடித்து, மனசு அடங்கினபிறகுதான் எழுதுவார். கடைத்தெருவின் கூச்சலில் நின்று ஒருநாளும் எழுதினதில்லை.

நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். காலை 9:15க்குப் பிறகு உன் மூளையை நம்பாதே. அதற்கு முந்தின ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டில் எதை, ஏன், எங்கே வெளியே, போனால் எவ்வளவு என்று எழுதிவிடு. உன்னிடம் இப்போது மூன்று லட்சம் இருக்கிறது என்றாய். ஒரு தடவைக்கு நூற்றில் ஒரு பங்கு, அதாவது 3,000 ரூபாய், அதற்குமேல் போகக்கூடாது. நிஃப்டி ஒரு லாட் இப்போது, 2025 ஆகஸ்டில், 75. அப்படியானால் வாங்கின ஆப்ஷன் விலையில் 40 ரூபாய் குறைந்தால் நீ வெளியே. உன் திட்டத்துக்கு 100 ரூபாய் இடைவெளி வேண்டுமா? 7,500 ஆகிறது, அந்த வேலை உனக்கு வேண்டாம், எவ்வளவு நல்ல சார்ட்டாக இருந்தாலும். ஸ்டாப்லாஸ் போட்டபிறகு, விலை பக்கத்தில் வரும்போது அதைத் தள்ளிவைக்கிறாயே, அந்தக் கைதான் எனக்கு எதிரி. ஒரே நாளில் இரண்டு தடவை அடிபட்டால் ஆப்பை மூடிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வா. பெரிய லாபம் வந்த மறுநாளும் லாட்டைக் கூட்டாதே. நான் விழுந்தது ஜெயித்த வாரத்துக்கு அடுத்த வாரம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த லோனை அடை. அதுவரைக்கும் பணம் போடாமல் நோட்டில் மட்டும் எழுதிப் பார். உன் பெண்டாட்டியிடம் முழுத் தொகையையும் சொல்லிவிடு. திட்டுவாள், இரண்டு நாள் பேசமாட்டாள். நான் அத்தானிடம் சொன்ன ராத்திரிதான் எட்டு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

எழுதி எழுதிப் பார்த்தும் சரிப்பட்டு வரவில்லை என்றால் விட்டுவிடு தம்பி. உனக்குக் கைநிறையச் சம்பளம் இருக்கிறது. விட்டால் உன்னை யாரும் குறைவாக நினைக்க மாட்டோம்.

ஓணத்துக்கு மூன்று பேரும் வாருங்கள், பாலடைப் பிரதமன் வைக்கிறேன். நோட்டையும் கொண்டு வா. செப்டம்பரிலிருந்து நிஃப்டி எக்ஸ்பைரி செவ்வாய்க்கு மாறுகிறதாமே. 2ஆம் தேதி சாயந்திரம் எனக்குப் போன் செய். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கேட்கமாட்டேன். எழுதினபடி வெளியே வந்தாயா என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா