பழம்படகு புதுக்கிய கதை

பழுதுபட்ட பொருளைச் செப்பனிட்டுப் பயன்படுத்துதல் வறியோர் செயல் என்றும், அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்குதலே வசதியுடையோர்க்கு அழகு என்றும் கருதும் மனப்போக்கு இன்று நம் ஊர்களிலும் வேரூன்றி வருகிறது. ஆனால் செல்வ நாடு என்று நாம் எண்ணும் அமெரிக்காவில், விடுமுறை நாட்களில் வீட்டு வாசலிலேயே பழைய படகுகளைத் தம் கையால் புதுக்கிக்கொண்டிருப்போர் பலர் உளர். அத்தகைய பணியொன்றில் ஒரு கோடை முழுவதும் ஈடுபடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அதில் கண்டவற்றையும் கற்றவற்றையும் இம்மலரின் வாயிலாக மாணவர்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எம் மகன் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கிறான். அம்மாநிலத்தின் வாகனப் பலகைகளில் 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று பொறித்திருப்பார்கள். அது மிகைக் கூற்றன்று. பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடைய ஏரிகள் மட்டுமே 11,842 என்பது கணக்கு. குளிர்காலத்தில் அவை இறுகி உறைய, மக்கள் அவற்றின்மீது வாகனம் ஓட்டிச் சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பர். பனி உருகியதும் படகுகள் வெளிவரும். அங்கே படகு என்பது பெரும்பாலும் பதினான்கு முதல் பதினாறு அடி நீளமுள்ள அலுமினியப் படகே.

மகனுடைய அண்டை வீட்டில் அத்தகைய படகொன்று இருந்தது. அவ்வீட்டு முதியவர் நாற்பது ஆண்டுகள் அதில் மீன் பிடித்தவர். அவர் மறைந்தபின் அது கொட்டகையின் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவருடைய மனைவியார் வீட்டை விற்றுவிட்டு, இலையுதிர் காலத்தில் தொலைவிலுள்ள மகள் வீட்டிற்குச் செல்ல முடிவு செய்திருந்தார். "பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்களால் மிதக்கவைக்க முடியுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். விலை வேண்டாம். நான் புறப்படுவதற்கு முன் ஒருமுறை என்னை அதில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டினால் போதும்" என்றார். மகன் ஒப்புக்கொண்டான். அப்போது சூன் மாதம். செப்டம்பர் நடுவில் அம்மையார் புறப்படுவதாக ஏற்பாடு. நமக்கிருந்த தவணை மூன்று மாதங்கள்.

இங்கே அலுமினியத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1825இல் டென்மார்க் அறிஞர் ஆர்ஸ்டெட் இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தார். மண்ணில் மலிந்து கிடந்தும், பிரித்தெடுப்பது கடினமாக இருந்தமையால் நெடுங்காலம் இது விலையுயர்ந்த உலோகமாகவே விளங்கியது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் இதனால் ஆன முடியொன்றைப் பெருமையுடன் பொருத்தினார்கள். அதற்கு ஈராண்டுகளுக்குப்பின், 1886இல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூலும் ஒருவரையொருவர் அறியாமலே மின்சாரத்தால் பிரிக்கும் முறையைக் கண்டறிந்தனர், விலை சரிந்தது. இரண்டாம் உலகப்போரில் வானூர்திகளுக்காக அலுமினியம் பெருமளவில் உற்பத்தியாயிற்று. 1945இல் போர் முடிந்ததும், வானூர்தித் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்துப் பழகிய அதே தொழில்நுட்பம் படகு கட்டுவதற்குப் பயன்பட்டது. எனவே ஏரியில் மிதக்கும் அச்சிறு படகு, ஒருவகையில் வானூர்தியின் உடன்பிறப்பு.

முதல் வேலை ஓட்டைகளைக் கண்டறிவது. படகை நீரில் இறக்கி, நீர் எங்கே உள்ளே வருகிறது என்று தேடுவது வீண்வேலை. அதற்கு மாறாக, படகை டிரெய்லரின்மீது வைத்தபடியே அதனுள் நான்கு விரற்கடை உயரத்திற்கு நீர் நிரப்பினோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையாகையால் அதற்கு மேல் நிரப்பலாகாது. பிறகு அடியில் குனிந்து, நீர் கசியும் இடங்களிலெல்லாம் மெழுகுக்கோலால் வட்டமிட்டோம். பேரன் எண்ணிச் சொன்ன வட்டங்கள் முப்பத்தேழு.

அடுத்து இருக்கைகளைக் கழற்றினோம். இத்தகைய படகுகளின் இருக்கைகளுக்குள் நுரைப்பொருள் அடைத்திருப்பார்கள். படகில் நீர் நிறைந்தாலும் அது மூழ்காமல் தாங்குவது இந்நுரையே. ஆண்டுக்கணக்கில் ஈரத்திலிருந்த அந்த நுரை நீரை உறிஞ்சி, மிதக்க உதவுவதற்கு மாறாக எடையாகிக் கிடந்தது. ஒரு துண்டைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. அதனை அகற்றி, நீர் உறிஞ்சாத புதிய நுரைப் பலகைகளை அளவாக வெட்டி வைத்தோம். எடை குறைகிறது என்று மகிழ்ந்து நுரையை அடியோடு நீக்கிவிடுவோரும் உண்டு. அது உயிருக்கு உலைவைக்கும் செயல்.

நுரைக்கு அடியில், தரையோடு ஒட்டியவாறு ஒரு செப்புக்காசு கிடந்தது. 1964 என்று அதில் பொறித்திருந்தது. பேரன் ஆசையோடு அதனை நெம்பி எடுத்தான். காசு கிடந்த இடத்தில் தகடு அரித்துப் போய், ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது. "காசு எப்படி ஓட்டை போடும்?" என்று கேட்டான். இரு வேறு உலோகங்கள் ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. செம்பும் அலுமினியமும் அவ்வாறு சேரும்போது அழிவது அலுமினியமே என்று விளக்கினோம். முதியவரின் சட்டைப் பையிலிருந்து என்றோ நழுவிய அந்த ஒரு சென்ட், ஓசையின்றி ஒரு படகைத் துளைத்துக்கொண்டிருந்தது.

படகின் பின்புறம், எந்திரத்தை மாட்டும் இடத்தில், தகட்டோடு பிளைவுட் பலகையும் சேர்த்துப் பொருத்தியிருந்தார்கள். வெளித்தோற்றத்தில் குறையொன்றும் இல்லை. மேலே புது வண்ணம்கூடப் பூசப்பட்டிருந்தது. பேரன் திருப்புளியால் குத்தியதும் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே சென்றது. பலகை முழுவதும் இற்றுப்போயிருந்தது. மூடிய இடத்தில் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்றதன் விளைவு அது. புதுப்பலகை தேர்வதிலும் எச்சரிக்கை வேண்டும். பூச்சி அரிக்காதிருக்க மருந்தேற்றி விற்கும் பலகைகளில் இப்போது செம்புச் சேர்மம் மிகுந்திருப்பதால் அவை அலுமினியத்தை அரிக்கும். மருந்தேற்றாத நல்ல பிளைவுட்டை வாங்கி, விளிம்புகளிலும் துளைகளிலும் எபாக்சிப் பசையை மும்முறை பூசி, எவர்சில்வர் மரையாணிகளால் பொருத்தினோம். ஆணியும் தகடும் நேரே தொடாதிருக்க இடையில் பிளாஸ்டிக் வளையங்களை இட்டோம்.

எஞ்சியவை ரிவெட் ஆணிகள். முன்னர் பழுதுபார்த்தவர் தகட்டிற்குப் பொருந்தாத எஃகு ஊசியுள்ள பாப் ரிவெட்டுகளை ஆங்காங்கே அடித்துப் பசையால் மூடிவைத்திருந்தார். அவற்றையெல்லாம் துளையிட்டு எடுத்தோம். தளர்ந்த ஆணிகளை இறுக்கும் வேலை ஒருவரால் ஆவதன்று. வெளியே ஒருவர் ஆணியின் தலைமீது கனத்த இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்கவேண்டும். உள்ளே மற்றவர் அதன் வாலைச் சுத்தியால் அடித்துப் பரப்பவேண்டும். முட்டுப் பிடிக்கும் பணி நமக்கு, அடிக்கும் பணி மகனுக்கு. இடையில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும்.

"வாப்பா, பிடிச்சீங்களா?"

"பிடிச்சாச்சு, அடி."

இவ்வாறு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. இருபது ஆண்டுகளாகத் தொலைபேசியில் நலம் கேட்பதோடு முடிந்துவந்த பேச்சு, அந்தத் தகட்டின் இருபுறமும் மெல்ல நீளலாயிற்று. எம் தந்தையார் பாய்மரத் தோணியில் இலங்கைக்குச் சரக்கேற்றிச் சென்ற நாட்களைக் கூறினோம். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்துக் கலப்பற்று வேலை செய்வோரின் அருகில் சிறுவயதில் அமர்ந்திருந்ததைக் கூறினோம். ஒருநாள், சுத்தியல் ஓசை நின்ற இடைவெளியில், மகன் உள்ளிருந்து சொன்னான்: "இரண்டு வருஷத்துக்கு முன்னாடி அஞ்சு மாசம் எனக்கு வேலை இல்லை வாப்பா. உங்களிடம் சொல்லலை."

அந்த ஐந்து மாதங்களிலும் பணம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எதிரெதிரே அமர்ந்திருந்தால் அவன் அதனைக் கூறியிருக்கவே மாட்டான். நாம் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த ஆணிக்கு வா" என்றோம். அடி விழுந்தது. அதன்பின் அவன் பேசிய பேச்சுக்கு அளவில்லை.

வண்ணப்பூச்சு இறுதி வேலை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாகையால் அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், பசைபோன்ற கரைப்பானைத் தடவி வழித்தெடுத்தோம். இரும்புக்கம்பித் தூரிகையை அலுமினியத்தின்மீது பயன்படுத்தலாகாது. அதன் துகள்கள் பதிந்து பின்னர் அரிக்கும். அலுமினியமும் காற்றுப்பட்டால் துருவேறுவதே. ஆனால் இரும்பின் துரு உதிர்ந்து, மேலும் மேலும் உள்ளே செல்லும். அலுமினியத்தின் துருவோ கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடையாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். அந்த ஆடையின்மீது வண்ணம் எளிதில் ஒட்டாது என்பதால், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் முதற்பூச்சை இட்டு, அதன்மேல் பச்சை வண்ணம் பூசினோம். முன்னிருந்த நிறம் அதுவே என்று அம்மையார் கூறியிருந்தார்.

பேரனுக்குத் தமிழ் அதிகம் வராது. முன்புறத்தைக் காட்டி, "இதற்கு நம் கடற்கரையில் அணியம் என்று பெயர்" என்றோம். அரசு அளித்த பதிவெண்ணை இருபக்கமும் ஒட்டியவன், "அப்பா, அணியத்தில் ஒட்டிட்டேன்" என்று தமிழிலேயே அறிவித்தான். பாட்டனாரை அப்பா என்றழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் படகு நீரில் இறங்கியது. அரைமணி நேரம் கரையருகே நிறுத்தித் தரையைத் தடவிப் பார்த்தோம், கை நனையவில்லை. அம்மையார் உயிர்காப்புச் சட்டை அணிந்து நடு இருக்கையில் அமர்ந்தார். கணவர் மீன் பிடிக்கும் மூலை ஒன்றை விரலால் காட்டினார். அங்கே எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். அவர் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. கரைக்கு வந்து இறங்கியதும் படகின் பக்கத்தை இருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டிற்குள் சென்றார்.

பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தப் புதிதாய்ப் பிரிப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். ஆகவே அப்படகை உருக்கக் கொடுத்திருந்தாலும் உலோகம் வீணாகியிராது. வீணாகியிருக்கக்கூடியவை வேறு. நம் கரைகளில் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. மர வள்ளங்களும் கட்டுமரங்களும் அருகின. காலமாற்றத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் கலப்பற்று வேலை அறிந்த கைகள் இன்னும் சில நம் ஊர்களில் உள. மாணவர்கள் அவர்களருகே ஒரு விடுமுறையேனும் அமர்ந்து, முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். எந்தப் பொருளைப் புதுக்கினாலும் வண்ணத்தைக் கண்டு மயங்காமல் முதலில் குத்திப் பார்க்க வேண்டும்; மூடிவைத்த ஈரத்தைத் திறந்துவிட வேண்டும். உடன் வேலை செய்வார் ஒருவர் இருந்தால், வேலையைவிடச் சற்றே கூடுதலான நேரத்தை அதற்கென ஒதுக்கிக்கொள்ளவும் வேண்டும்.